நடுவில் பொருள் கேட்கக் கூடாது

வாசிப்புக் கலந்துரையாடலில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். பேச்சு நடக்கும்போது எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கக் கூடாது. அகராதியும் அலைபேசியும் மூடியிருக்க வேண்டும். தெரியாத சொற்களைக் கடைசியில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். அலுவலக ஆங்கிலப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது விடுதலையாகவே இருந்திருக்கிறது. வாய் திறக்காதவர்கள்கூட இந்த விதியின் தைரியத்தில் அரைகுறை வாக்கியங்களோடு வாதத்தில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குழுவில் ஒருவர் இருந்தார், எல்லோரையும்விட மூத்தவர். வகுப்பில் கொடுக்கும் பக்கத்தில் தெரியாத சொற்களின் கீழே மெல்லிய கோடு போடுவார். வீட்டுக்குப் போய் அவற்றைக் குறிப்பேட்டில் ஏற்றுவார். சொல்லும் அது இடம்பெற்ற வாக்கியமும் பேனாவில் இருக்கும், பொருள் மட்டும் பென்சிலில் இருக்கும். அடுத்த முறை அந்தச் சொல் வேறு விதமாக வந்து நின்றால் அழித்து எழுத வேண்டுமே என்பார். பட்டியலை நெட்டுருப் போடுகிறவர்களைப் பற்றி நான் வழக்கமாகச் சொல்லும் குறைகளில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை.

ஒரு நாள் அவருடைய முறை வந்தபோது காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். "அர்த்தம் தெரியாம கருத்துச் சொல்றது பொய் சொல்ற மாதிரி இருக்கு மேடம்" என்றார். "பொய் இல்ல சார், ஊகம்தான். தப்பா இருந்தா யாராவது திருத்துவாங்க" என்றேன். "திருத்தப்போறவங்க எல்லாம் என் பையன் வயசுக்காரங்க" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் அடுத்தவரைப் பேசச் சொன்னேன்.

இந்த மூன்று வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். முதல் வாக்கியத்துக்கு நான் சொன்ன பதில் இன்றும் சரியென்றே படுகிறது. ஊகிக்கப் பழகாதவர் எந்த மொழியிலும் நீண்ட பக்கத்தைக் கடக்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் வாக்கியத்தின் தொடக்கம் முடிவுக்கு வருவதற்குள் மறந்துபோகும். ஆனால் ஊகத்துக்கும் ஓர் அடித்தளம் வேண்டும். ஆங்கிலம் கற்பித்தலில் ஆய்வு செய்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் தொகுத்த, அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள ஏறக்குறைய 2,000 தலைச்சொற்களும் அவற்றின் குடும்பங்களும், அதாவது அவற்றிலிருந்து பிறக்கும் வடிவங்களும், சாதாரண உரைநடையில் சுமார் 80 விழுக்காட்டைத் தாங்கிவிடும் என்பார்கள். கேட்க நிறைவாக இருக்கும் எண் அது. எனினும் ஐந்தில் ஒரு சொல் இருட்டில் இருக்கிறது என்பதும் அதே கணக்குதான். சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் துணையின்றி நாவலோ நாளிதழோ படிக்க அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டு, அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று மதிப்பிட்டார். முந்நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் 98 விழுக்காடு என்றால் தெரியாதவை ஆறு. அவருடைய காகிதத்தில் முப்பதுக்குக் குறையாத கோடுகள் இருந்தன. அதே பக்கத்தை வைத்துக்கொண்டு இளையவர்கள் தாராளமாகப் பேசினார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்குப் புரிந்ததா, புரியாதது உறுத்தவில்லையா என்பதை நான் சோதித்ததில்லை.

எல்லோரும் போன பிறகு அவரோடு உட்கார்ந்து, கோடிட்ட சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, என்னவாக இருக்கும் என்று கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு சரிபாதிக்கு மேல் பொருத்தமாகவே சொன்னார், சிலவற்றை வாக்கியத்தின் போக்கை வைத்து நயமாகவும் விளக்கினார். அப்படியானால் அந்தக் கோடுகள் அறியாமையின் கணக்கு அல்ல, உறுதியில்லாமையின் கணக்கு என்று எனக்கு உடனே ஒரு நிம்மதி வந்தது. விதியின் மேல் பழி இல்லை என்ற நிம்மதிதான் அது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தனியே இருக்கும்போது ஊகிக்க முடிந்தவருக்கு நாலு பேர் நடுவில் முடியவில்லையென்றால், நான் சொல்வளத்தைப் பற்றி யோசிப்பதே வேறு திசையோ என்னவோ. மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் நான் பதில் சொல்லவே இல்லை. சிரிப்போடு வந்ததால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் வசதி எனக்கு இருந்தது. அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது யோசித்தாலும், அவருடைய வயதை எல்லோர் முன்னிலும் மேலும் பெரிதாக்காத ஒரு பதில் கிடைப்பதில்லை.

அவர் கடைசி வரை வந்தார், பேச்சில் கலந்துகொள்ளாமல். அவர் எழுதும் அலுவலக மின்னஞ்சல்கள் குழுவில் பலருடையதைவிடத் தெளிவாக இருந்தன என்று அவருடைய மேலாளர் சொன்னார். அது குறிப்பேட்டின் பலன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது; எங்கள் மேசையில் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்ததன் பலனாகவும் இருக்கலாம்.

இப்போது வேண்டுவோருக்கு மட்டும் கட்டுரையின் கடினமான சொற்களை முந்தைய நாளே கொடுத்துவிடுகிறேன். அதனால் சிலர் அமைதியாக நுழைந்து நன்றாகப் பேசுகிறார்கள். வேறு சிலர் அந்தச் சொற்களைப் பயன்படுத்திக் காட்டுவதிலேயே குறியாக இருந்து, கட்டுரை என்ன சொல்கிறது என்பதைத் தொடுவதே இல்லை. இதற்காகப் பட்டியலை நிறுத்திவிடலாமா என்று ஒவ்வொரு குழு முடியும்போதும் தோன்றுகிறது. அவரைப் போன்ற ஒருவர் அடுத்த குழுவில் இருந்தால் என்ற எண்ணத்தில் மறுபடியும் அச்செடுத்துவிடுகிறேன்.