அணைத்த பிறகும் அடங்காத கார்: மூன்று வாரக் குறிப்புகள்

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு வாரம் ஒருமுறை போய்வருகிறோம். பன்னிரண்டு வயதான பெட்ரோல் கார். சித்திரை வெயிலில் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பிய பிறகும் பானெட்டுக்குள் ஏதோ நடந்துகொண்டே இருந்தது. “அடுப்பில் உலை வைத்த மாதிரி கேட்கிறதே” என்றாள் மனைவி. அந்தச் சொல்தான் பிறகு எனக்கு வழிகாட்டியது.

முதல் வாரம் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை அணைத்ததும் கடிகாரத்தைப் பார்த்து, எந்தச் சத்தம் எத்தனையாவது நிமிடத்தில் எங்கிருந்து வருகிறது என்று நோட்டில் எழுதினேன். ஒரே சத்தம் என்று நினைத்திருந்தது உண்மையில் மூன்று.

அடியிலிருந்து வந்த டிக், டிக் முதலில் நெருக்கமாகவும் போகப் போக இடைவெளி விட்டும் கேட்டது. இருபது நிமிடத்தில் நின்றது. அது புகைக்குழாயும் அதன் மேலுள்ள வெப்பத் தகடும் ஆறும் சத்தம். ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய் 250 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். பிடிமானங்களில் உரசிச் சுருங்கும்போது சத்தம் வராமல் இருக்காது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘உஸ்’ என்று ஒரு நிமிடம் கேட்டது ஏ.சி. வாயு. உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து தாழ் அழுத்தப் பக்கத்துக்குக் குறுகிய துளை வழியாகப் பாய்ந்து சமநிலைக்கு வருகிறது. மறுவாரம் வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை நிறுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லை.

மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அணைத்து இரண்டு நிமிடம் கழித்து, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் தளதளவென்று நான்கு நிமிடம் கொதிக்கும் சத்தம். போனில் விவரம் கேட்ட ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்க்காமலேயே “ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்” என்றார். சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு அது. இவ்வளவு பெரிய வேலையை ஒரு போன் பேச்சை நம்பி ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுநாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கசிந்தால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும். வரவில்லை. ஆயில் மூடியின் அடியில், தண்ணீர் கலந்தால் வரும் மோர் நிறக் குழம்பும் இல்லை, வெண்புகையும் இல்லை. (சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.)

துப்பு கொடுத்தது மேல் ஹோஸ், அதாவது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய். ஒரு மணி நேரம் ஓட்டிவந்து, தடித்த துணியைச் சுற்றி அதை அழுத்தினேன். கல்லாக இறுகியிருக்க வேண்டியது பழுத்த பப்பாளியைப் போல அமுங்கியது. உள்ளே அழுத்தமே நிற்கவில்லை! அதைப் பிடித்து வைக்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. எங்கள் தெரு முனை ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, அந்த மூடியைக் கைப்பம்பில் பொருத்திச் சோதித்தார். தாங்க வேண்டிய அழுத்தம் 0.9 பார் என்று மேலே அச்சிட்டிருந்தது; முள் 0.4 பாரைத் தாண்டவில்லை. “ரப்பர் இறுகிப்போயிருக்கிறது, தம்பி” என்று நகத்தால் கீறிக் காட்டினார்.

எல்லாம் பிடிபட்டது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் 118 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், 0.4 பாரில் 109 டிகிரியே போதும். ஓடும்போது பம்ப் தண்ணீரைச் சுழற்றுவதால் பிரச்சினை தெரியாது. அணைத்ததும் சுழற்சி நின்றுவிடும். சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு, அங்கேயே நிற்கும் தண்ணீருக்குள் இறங்கும். அது கொதித்து, நீராவியை டப்பாவுக்குத் தள்ளும். போதாததற்கு, போன கோடையில் கூலண்ட் குறைந்தபோதெல்லாம் நான் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தேன். அதனால் கொதிநிலை இன்னும் இறங்கியிருந்தது.

புது மூடி வாங்கினேன், அதே 0.9 அளவில். 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடையில் சொன்னார்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும் என்பதால் மறுத்துவிட்டேன். பழைய நீரை வடித்து, கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திறந்து காற்றை வெளியேற்றினேன். இதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

மூன்றாவது வாரம். அதே சாலை, அதே பிற்பகல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் அதே காற்று. மாமனார் வீட்டு வாசலில் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து நின்றேன். ஃபேன் சிறிது நேரம் சுற்றி நின்றது. அடியில் டிக், டிக். ஹோஸ் கல்லாக இறுகியிருந்தது. டப்பாவில் மட்டம் ஒரு விரல் உயர்ந்து அப்படியே நின்றது. தளதள இல்லை. பத்து நிமிடத்தையும் போனில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை புதிதாக ஏதாவது கேட்டால் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க.