சாரோட சைக்கிள் பம்பு

போன மாசம் குரூப்ல பிசிக்ஸ் சார் தவறிட்டார்னு மெசேஜ் வந்தப்ப நான் ஷார்ஜால ஒரு மொட்டை மாடில ஏசி கம்ப்ரசர் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். சார் நினைவா போடற மலருக்கு எழுதுன்னாங்க. வாத்தியார்னா ஏணி, தோணின்னெல்லாம் எனக்கு எழுத வராது.

அந்த பம்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தண்ணித் தொட்டிகிட்ட யார் மாட்டுனாலும் அவன்தான் காத்தடிக்கணும். "வேகமா அடிறா, மெதுவா அடிச்சா சூடு வெளிய பூடும்"பாரு. அப்பறம் பம்போட அடியத் தொட்டுப் பாக்கச் சொல்வாரு, சுடும். "யாரு அடுப்பு பத்த வெச்சது? நீ செஞ்ச வேலைதான் உள்ள நிக்குது." பிசிக்ஸ் கணக்குல காத்து விரிஞ்சு செய்யற வேலை ப்ளஸ், நாம அமுக்குனா மைனஸ், கெமிஸ்ட்ரில இதையே தலைகீழா போடுவாங்க. நான் ரெண்டு க்ளாஸ்லயும் தப்பாதான் போட்டேன்.

1993, ப்ளஸ் டூ. வாயு மேல வேலை செய்யறதுக்கு நம்ம ஏரியாவுலயே ஒரு உதாரணம் சொல்லுன்னு என்ன எழுப்புனாரு. எனக்குத் தெரியும். எங்க நைனா காசிமேட்டு ஐஸ் பேக்டரில கம்ப்ரசர் ஓட்டறவரு. அமோனியாவ அமுக்குனா கொதிக்கக் கொதிக்க வரும், தண்ணி விட்டு ஆத்துனா திரவமாயிடும், வால்வத் தாண்டி அழுத்தம் கொறஞ்சதும் ஆவியாகி உப்புத் தண்ணியோட சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கும், அந்தத் தண்ணில நிக்கற டின்லதான் ஐஸ் கட்டும். சோறு எடுத்துனு போயி போயி பாத்தது. ஆனா பசங்ககிட்ட நைனா ஹார்பர்ல கிளார்க்குன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

"தெரியாது சார்."

"ஐஸ் பேக்டரி வாசல்ல தூக்குவாளியோட நிக்கிறது யாருடா? உங்கப்பா தினம் செய்யற வேலை உனக்குத் தெரியாதா?"

க்ளாஸே சிரிச்சுது. ஒருத்தன் மூக்கப் பொத்திக் காட்னான் (நீயும் இத படிப்ப, தெரியும்டா). நாலு நாள் ஸ்கூலுக்கே போவல. இந்த ஊர்லயே இருக்கக்கூடாதுன்னு அப்ப முடிவு பண்ணவன், 1998ல விசா வந்ததும் கெளம்பிட்டேன், வந்து பாத்தா இங்கயும் கம்ப்ரசர்தான், கேஸ்தான் வேற. சார் நைனாவ எளக்காரமா சொல்லல, பெருமையாதான் சொன்னாருன்னு புரியறதுக்கு எனக்கு நாப்பது வயசாச்சு. அதுக்குள்ள நைனாவும் போயிட்டாரு, இந்தக் கதைய அவர்கிட்ட சொல்லவேயில்ல.

ஒரு லீவுல ராயபுரத்துல சார் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். சைக்கிள் செவுத்துல சாஞ்சிருந்துது, ரெண்டு டயர்லயும் காத்தில்ல. கதவத் தட்டாமயே திரும்பிட்டேன். ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுன்னு வீட்ல சொன்னேன். ஃப்ளைட்டு மறுநாள்.