மிதக்கலாம், தரை தட்டக்கூடாது: கொலராடோ ஆற்றுச் சட்டம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தனியார் பண்ணை நடுவே ஓடும் ஆற்றில் தண்ணீர் பொதுச் சொத்து, அடித்தரை நிலக்காரருடையது. 1979இல் எம்மர்ட் வழக்கில் ராஃப்டில் (மிதவைப் படகு) போனவர்களின் அத்துமீறல் தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்களின் ராஃப்ட் ஆற்றுத்தரையில் தட்டியிருந்தது. தரையையும் கரையையும் தொடாமல் மிதந்தால் குற்றமில்லை என்று 1983இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் கருத்து சொன்னார். கருத்துதான், தீர்ப்பல்ல, சிவில் வழக்கு வந்தால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே படகில் ஏறுவதும் இறங்குவதும் பொது நிலத்தில்தான். பனி உருகி முடிந்த ஆகஸ்டில் நீர் இறங்கி, படகு கூழாங்கல் திட்டில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளினால் வம்புதான். நங்கூரமும் தரையைத் தொடும், மறக்காதீர்கள். குறுக்கே வேலிக்கம்பி வந்தால் இன்னும் சங்கடம்: சுற்றிப் போகக் கரையில் கால் வைத்தாக வேண்டும்.

மொன்டானா மாநிலத்தில் இந்தத் தலைவலி குறைவு. 1985 சட்டப்படி வழக்கமான உயர்நீர்க் குறிக்குள் (நீர் வழக்கமாக ஏறிக் கரையில் தடம் விட்ட எல்லைக்குள்) நடக்கலாம். தடை இருந்தால் படகைத் தூக்கிச் சுற்றிப் போகலாம்.