'எப்போதும் போலத்தான்' என்று சொன்னால் எத்தனை மார்க்?

ஜப்பானில் முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலையில் வேனில் வீடு வீடாகப் போய் அழைத்து வருவது, குளிக்க வைப்பது, மதியச் சாப்பாடு, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று நாள் ஓடிவிடும். இதோடு எங்கள் ஊட்டச்சத்து நிபுணர் இன்னொரு வேலையும் கொடுத்தார். வருகிற எல்லோரிடமும் பசியைப் பற்றி ஒரு கேள்வித்தாள் கேட்டு நிரப்ப வேண்டும். இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கேள்வித்தாளின் பெயர் ஸ்நாக். அமெரிக்காவில் உருவாக்கி 2005இல் வெளியிட்டார்கள். ஜப்பானிய முதியவர்களிடம் சோதித்துப் பார்த்த வடிவம் 2015இல் வந்தது. மொத்தமே நாலு கேள்விதான்: பசி எப்படி இருக்கிறது, எவ்வளவு சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, சாப்பாடு ருசிக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். கூட்டினால் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால், ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதமாவது குறையும் ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். 40 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது 2 கிலோ. அந்த வயதில் எடையோடு சதையும் போய்விடும். அப்புறம் நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டும்.

கேட்க ஆரம்பித்ததும் ஒன்று தெரிந்தது. இங்குள்ள பெரியவர்கள் தங்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். பசி எப்படி என்றால் "எப்போதும் போலத்தான்", ருசி எப்படி என்றால் "எப்போதும் போலத்தான்". இரண்டுக்கும் நடுமதிப்பு, 3. மூன்று வேளை சாப்பிட்டால் 4. தட்டில் பெரும்பகுதி சாப்பிட்ட பிறகே வயிறு நிறைகிறது என்றால் இன்னொரு 4. கூட்டினால் சரியாக 14. நன்றாக இருப்பவரும் அடக்கமாகப் பதில் சொன்னால் ஆபத்துப் பட்டியலில் வந்துவிடுகிறார். நிஜமாகவே சாப்பிட முடியாமல் இருப்பவர் நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்று "நன்றாகப் பசிக்கிறது" என்றால் தப்பிவிடுகிறார். இதில் இரண்டாவதுதான் எனக்குக் கவலை.

அதனால் மார்க்கை மட்டும் நம்பவில்லை. எங்கள் மையத்தில் ஒவ்வொருவரும் சோற்றில் பத்தில் எத்தனை பங்கு, தொடுகறியில் பத்தில் எத்தனை பங்கு சாப்பிட்டார்கள் என்று தினமும் குறித்து வைப்போம். எடையும் மாதாமாதம் பார்க்கிறோம். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். குளித்துக் களைத்திருக்கும்போது கேட்பதில்லை. சாப்பிட்டு முடித்த கையோடும் கேட்பதில்லை, எல்லோருமே வயிறு நிறைந்திருக்கிறது என்பார்கள். காலையில் வந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் சரி. வீட்டார் பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் சமைத்துக் கொடுக்கும் மருமகள்.

எண்பது தாண்டிய ஒரு பாட்டி. நாலு கேள்விக்கும் நல்ல பதில், 16 மார்க். ஆனால் குறிப்பேட்டில் சோறு எட்டுப் பங்கு, தொடுகறி மூன்று பங்கு என்று வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வறுத்த மீனைச் சாப்ஸ்டிக்கால் பிய்த்து, நாலைந்து தரம் மென்று, கைக்குட்டையில் துப்பி மடித்துவிட்டு, மிசோ சூப்பை ஊற்றிச் சோற்றை விழுங்கினார். கீழ்ப் பல்செட் தளர்ந்து ஈறில் உரசிக்கொண்டிருந்தது. பசி இருந்தது, அவர் பொய் சொல்லவில்லை. மெல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்க ஸ்நாக்கில் கேள்வி இல்லை.

75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் சுகாதாரப் பரிசோதனைக்காக 2020 முதல் ஜப்பானில் பயன்படுத்தும் 15 கேள்விகள் கொண்ட தாளில் அது இருக்கிறது: ஆறு மாதத்துக்கு முன்பைவிடக் கடினமானதைச் சாப்பிடச் சிரமமா? தேநீரோ சூப்போ குடிக்கும்போது புரையேறுகிறதா? ஆறு மாதத்தில் 2, 3 கிலோ குறைந்ததா? ஆனால் அதில் பசியைப் பற்றி நேரடியாக எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் முழுசாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். ஊட்டச்சத்து நிபுணரிடம் சொன்னேன், உடனே ஒத்துக்கொண்டார்.

பாட்டி வீட்டுக்கே பல் மருத்துவர் வந்து பல்செட்டைச் சரி செய்தார். அதுவரை மீனுக்குப் பதில் சவான்முஷி (முட்டையை அடித்து ஆவியில் வேகவைத்த மென்மையான பண்டம்), மென்மையான தோஃபு, மூன்று மணிப் பலகாரத்தோடு ஒரு சின்னச் சோற்றுருண்டை. இப்போது தொடுகறி ஏழு பங்கு போகிறது. எடை குறைவது நின்றிருக்கிறது, இன்னும் ஏறவில்லை.

புதிதாகச் சேர்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணை வட்டமிடும்போது, அவர்கள் சொன்ன பதிலையும் அப்படியே ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கேட்கும்போது 3 என்ற எண்ணைவிட, "மருந்து சாப்பிட்டதிலிருந்து எல்லாம் கசக்குது" என்ற வரிதான் மருத்துவருக்கு உதவும்.