முழங்கையும் கோதுமையும்: ஒரு மாதக் குறிப்புகள்

மார்ச் 4

நேற்றிரவும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. முதலில் எரிச்சல், பிறகுதான் அரிப்பு. இந்த வரிசை ஒருநாளும் மாறுவதில்லை. எரிந்த இடத்தில் கடுகளவுக் கொப்புளங்கள் நான்கைந்து கூட்டமாகக் கிளம்புகின்றன. விடிவதற்குள் நகம் பட்டு உடைந்து பொருக்குத் தட்டிவிடுகின்றன. அதனால் மருத்துவரிடம் காட்டப் போகும்போது முழுக் கொப்புளம் ஒன்றுகூட மிஞ்சியிருப்பதில்லை. வலது முழங்கையில் எங்கே வருகிறதோ, இடது முழங்கையிலும் அதே இடத்தில்தான் வருகிறது. முழங்கால்களும் அப்படியே.

மார்ச் 5

காலையிலும் ரொட்டி சாப்பிட்டேன், இரவிலும் சாப்பிட்டேன், இரண்டு மணிக்கு எரிச்சல் வந்தது.

மார்ச் 7

சென்ற ஆண்டு பார்த்த மருத்துவர் இதைச் சிரங்கு என்றார். அவர் சொன்னபடி வீட்டிலுள்ள அனைவரும் கழுத்திலிருந்து பாதம்வரை பெர்மெத்ரின் களிம்பைப் பூசிக்கொண்டோம். படுக்கை விரிப்புகளை எல்லாம் வெந்நீரில் துவைத்தோம். வேறு யாருக்கும் அரிப்பே இல்லையே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற பெயரை இன்று முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். 1884இல் லூயி டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் விவரித்த நோய் இது. ஹெர்பெஸ் வைரஸுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கொப்புளங்கள் கூட்டமாக வருவதால் மட்டுமே அந்தப் பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு உடல் உண்டாக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் தோலில் போய்ப் படிவதுதான் காரணம் என்பது பிற்காலத்தில் தெரிய வந்திருக்கிறது. இதே குளூட்டன் குடலையும் பாதிக்கக்கூடியது. எனக்கு வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லை என்பதை வைத்தே இதுவரை இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவைத்திருந்தேன். இந்தத் தோல் நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றுத் தொல்லை வெளியே தெரிவதில்லை என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 8

இன்று முதல் கோதுமையை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 12

புதிய தோல் மருத்துவர் முழங்கைகளை விளக்கொளியில் வெகு நேரம் பார்த்தார். கோதுமையை நிறுத்தி நான்கு நாளாகிறது என்றேன். "பரிசோதனை முடியும்வரை வழக்கம்போல் சாப்பிடுங்கள். நான்கு நாளில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் நீண்ட நாள் விட்டுவிட்டால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், முடிவு நம்மை ஏமாற்றிவிடும்" என்றார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று கேட்டார். அக்காவை நினைத்துக்கொண்டேன்.

எது என்னை எரிக்கிறது என்று சந்தேகப்படுகிறேனோ அதையே வேண்டுமென்று சாப்பிட வேண்டியிருப்பதை மனம் ஏற்க மறுக்கிறது. நேற்றுச் சாப்பிட்டது இன்று எரிகிறதா என்று இத்தனை நாள் கணக்கெழுதியதும் வீண்தான். குளூட்டனை அறவே விட்டாலும் தோல் தெளிய மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும் என்றால், ஒரு வேளை உணவை ஓர் இரவின் அரிப்போடு முடிச்சுப் போடுவதில் பொருளில்லை.

மார்ச் 13

ரொட்டி சாப்பிட்டேன்.

மார்ச் 15

தோலில் சதை எடுத்தார்கள். கொப்புளத்திலிருந்தே எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதையொட்டிய, பார்வைக்குப் பாதிப்பில்லாத தோலில் மிளகளவு எடுத்து ஒரு தையல் போட்டார்கள். கொப்புளம் உடைந்த இடத்தில் ஐஜிஏ படிவு அழிந்துபோயிருக்கலாமாம். ஒளிரும் சாயமேற்றிப் பார்க்கும்போது மேல்தோலுக்குச் சற்றுக் கீழே துகள்துகளாக ஒளிர்ந்தால் அதுதான் உறுதியான சான்று. இரத்தமும் எடுத்தார்கள்.

மார்ச் 18

இரவில் தூக்கமே இல்லை.

மார்ச் 20

டாப்சோன் என்ற மாத்திரை சில நாள்களிலேயே அரிப்பை அடக்கிவிடும் என்கிறார் மருத்துவர். ஆனால் அது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது என்பதால் அவற்றைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி போதிய அளவு இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் தரமாட்டார். சில நாளில் அரிப்பு நிற்கும் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. குடலில் பாதிப்பு இருந்தால் அதை இந்த மாத்திரை ஆற்றாது. அதற்கு உணவு மாற்றம் ஒன்றே வழி. அரிப்பு நின்ற பிறகும் உணவில் கண்டிப்பாக இருப்பேனா என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 23

இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று வந்திருக்கிறது. எதையும் இதை வைத்து முடிவு செய்ய முடியாது, இரத்தத்தில் இல்லாமல் தோலில் மட்டும் இருப்பவர்களும் உண்டு என்றார் மருத்துவர். இல்லை என்று படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஏமாற்றமே வந்தது. நோய் இருக்க வேண்டும் என்று ஆசைப்படவில்லை; இந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

மார்ச் 26

தையலைப் பிரித்தார்கள். தோல் முடிவு நாளை மாலை கைக்கு வரும் என்றார்கள். இரவு உணவுக்குப் பிறகு பார்த்தேன். தையல் இருந்த இடத்துக்கு விரலகலம் மேலே தோல் எரியத் தொடங்கியிருக்கிறது.