பிஎச்பியும் தமிழ்ச் சொற்களும்: ஒரு பழைய நிரலைச் சரிசெய்த கதை

தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றின் பிஎச்பி (இணையதளங்களுக்கான நிரல்மொழி) நிரலைப் பராமரிக்கும் வேலை என் கைக்கு வந்தது. மூன்றெழுத்துச் சொல் வேண்டும், ‘க’வில் தொடங்க வேண்டும் என்று கேட்டால் பட்டியலிலிருந்து எடுத்துத் தர வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நிரலை முதலில் எழுதியவர் ஓர் ஆங்கில விளையாட்டுக்காக எழுதியதை அப்படியே தமிழுக்கும் ஓட்டியிருந்தார். மூன்றெழுத்துச் சொல் கேட்டால் எதுவுமே வராது. ஒன்பது என்று கேட்டால் ‘மலர்’ போன்ற சொற்கள் வராமல் ‘கடை’, ‘பசி’ என்று இரண்டெழுத்துச் சொற்களாக வரும்.

பிஎச்பிக்கு ஸ்டிரிங் (உரைத் துண்டு) என்றால் பைட்டுகளின், அதாவது கணினி சேமிக்கும் சிறு எண்களின், வரிசை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது தமிழா, படமா என்பது அதற்குத் தெரியாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பைட்டுகளை எண்ணும் ஸ்டர்லென்னிடம் கொடுத்தால் 15 என்கிறது. குறியீடுகளை எண்ணும் எம்பி_ஸ்டர்லென் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் விரல் விட்டு எண்ணினால் 3. அந்த 3 கிராபீம்_ஸ்டர்லென்னில் கிடைக்கிறது, ஆனால் சர்வரில் இன்டில் என்ற பல்மொழி நீட்சி போட்டிருக்க வேண்டும். எங்கள் சர்வரில் போட்டிருக்கவில்லை, சொல்லிப் போடவைத்தேன். ஸ்டிரிங் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றப் பார்த்த பிஎச்பி 6 வெளிவந்திருந்தால் பாதிப் பாடு குறைந்திருக்கும். அந்த முயற்சியை 2010இல் கைவிட்டுவிட்டார்கள். 5க்குப் பிறகு நேரே 7தான்.

வெட்டுவதிலும் இதே கதை. சப்ஸ்டர் ஓர் எழுத்தின் நடுப் பைட்டில் வெட்டிக் கேள்விக்குறிக் கட்டம் காட்டும். எம்பி_சப்ஸ்டர் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் ‘கி’யிலிருந்து குறியைக் கழற்றி ‘க’ ஆக்கிவிடும். திரையில் சுத்தமாகத் தெரிவதால் இது இன்னும் மோசம், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டையும் எடுத்துவிட்டு கிராபீம்_சப்ஸ்டர் போட்டேன்.

சொல்லை இணைய முகவரியாக மாற்றும் இடத்தில், எழுத்தும் எண்ணும் தவிர மற்றதையெல்லாம் கோடாக்கு என்று ஒரு ரெஜெக்ஸ் (தேடி மாற்றும் விதி) இருந்தது. யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேராது. ‘குறி’ என்று தனி வகை. அதனால் ‘தமிழ்’ என்பது ‘தம-ழ-’ ஆகியிருந்தது. குறி வகையையும் அனுமதித்ததும் சரியானது.

என்னை உண்மையில் திணறவைத்தது, சொல்லின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் வேண்டாத குறிகளை நீக்கும் டிரிம்தான். சில எழுத்துகளைத் தட்டினால் தேடல் பரிந்துரை வெறுமையாக வந்தது, சிலவற்றுக்கு ஒழுங்காக வந்தது. தோண்டிப் பார்த்தால், பட்டியலை உலாவிக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் ஜேசன்_என்கோடு, முடியவில்லை என்று ஃபால்ஸ் தந்துகொண்டிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு சொல்லின் யூடிஎஃப்-8 கெட்டிருந்தாலும் போதும், மொத்தப் பட்டியலையும் அது திருப்பி அனுப்பிவிடும். எம்பி_செக்_என்கோடிங் வைத்துக் கெட்ட சொற்களை மட்டும் பிரித்தேன். தீ, யாரோ, ஏதோ, தேனீ. எல்லாம் ஈகாரக் குறியிலோ ஓகாரக் குறியிலோ முடிந்தன. வேறு எழுத்தில் முடிந்த ஒரு சொல்கூட இல்லை. டேட்டாபேஸில் பார்த்தால் எல்லாம் முழுசாக இருக்கின்றன!

காரணம் இதுதான். வேறெங்கிருந்தோ நகலெடுத்த சொற்களின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்க, டிரிம்முக்குத் தரும் பட்டியலில் அந்தக் குறியைச் சேர்த்திருந்தார்கள். டிரிம் அதை ஒரு குறியாகப் பார்க்காது. 226, 128, 139 என்று மூன்று தனிப் பைட்டாகத்தான் பார்க்கும். ஈகாரக் குறி 224, 175, 128. ஓகாரக் குறி 224, 175, 139. சொல்லின் கடைசியில் 128ஓ 139ஓ வந்தால் டிரிம் அதைத் தின்றுவிடும். 175 தன் பட்டியலில் இல்லாததால் அங்கே நின்றுவிடும். மிச்சம் இருப்பது அரைகுறை எழுத்து. சொல்லின் தொடக்கத்துக்கு ஆபத்தில்லை, தமிழ் எழுத்துகள் 224இல் தொடங்குவதால். கோப்பின் தலையில் வரும் பிஓஎம் குறியை இதே வழியில் நீக்கப் போனால் அதிலுள்ள 191 இகரக் குறியின் கடைசிப் பைட்டைக் கொண்டுபோகும். பாட்டி, தம்பி, யாரும் தப்ப மாட்டார்கள்.

2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4 பதிப்பில், தனிப் பைட்டாக அல்லாமல் முழுக் குறியாகப் பார்க்கும் எம்பி_டிரிம் இருக்கிறது. எங்கள் சர்வர் அதற்கு முந்தையது. அதனால் உரை யூடிஎஃப்-8 என்று சொல்லும் யு கொடியோடு, ரெஜெக்ஸ் கொண்டு மாற்றும் பிரெக்_ரீப்ளேஸ் எழுதி, இரு ஓரங்களிலும் இடைவெளியை நீக்கினேன். பரிந்துரைகள் திரும்பி வந்தன.

அப்புறம் இரட்டைப் பதிவுகள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலும் சேர்த்தும் எழுதலாம். ‘கொடி’ இரண்டு விதமாகவும் பட்டியலில் இருந்தது. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு. நார்மலைசர் வைத்து என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது சேர்ந்த ஒற்றைக் குறியீட்டுக்கு, கொண்டுவந்தால் இவை ஒன்றாகிவிடும். தேடுபவர் தட்டும் சொல்லையும் அதே வழியில் அனுப்ப வேண்டும். ‘கௌரவம்’ என்பதை ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் போட்டு ‘கெளரவம்’ என்று எழுதியவற்றை மட்டும் நார்மலைசர் தொடாது, அது வேறு எழுத்து என்றே விட்டுவிடும். ‘கெளுத்தி’ போன்ற சரியான சொற்களும் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. ளகரத்துக்குப் பின் குறி எதுவும் இல்லாதவற்றைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன்.

அகரவரிசை சீக்கிரம் முடிந்தது. வெறும் சார்ட் போட்டால் ன, ந-வுக்கு அடுத்து வந்து நிற்கும். ற, ர-வுக்குப் பின்னால் வரும். தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) கொடுத்த கொலேட்டர் (வரிசைப்படுத்தும் கருவி) அவற்றை அகராதி வரிசைக்கே கொண்டுவந்தது.

கடைசியாக ‘க்ஷ’. ‘பக்ஷி’யை கிராபீம்_ஸ்டர்லென் 3 என்கிறது, திரையில் பார்ப்பவர் 2 என்கிறார். விளையாடுபவர் பக்கம் நின்றேன். எண்ணுவதற்கு முன் சொல்லின் நகலில் ‘க்ஷ’வை ‘ஷ’ ஆக்கி எண்ணுகிறேன், சேமித்த சொல்லை மாற்றுவதில்லை. ‘ஸ்ரீ’க்கும் அதே வழிதான். ஸகரம் வைத்தும் எழுதுகிறார்கள், ஶகரம் வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் மாற்றுப் பட்டியலில் இரண்டு வடிவத்தையும் சேர்த்திருக்கிறேன்.