கரும்புக் காட்டிலிருந்து கிட்னி பரிசோதனை வரை

வெயிலில் உடலுழைப்பு செய்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரிடம் போகும்போது உடம்புக்கு என்ன என்பதோடு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எனக்குச் சிறுநீரக நோய் இருப்பது வெளியே வந்ததே, ஒரு மருத்துவர் என் வேலையைப் பற்றிக் கேட்டதால்தான்.

நான் கரும்பு வெட்டுகிறேன். வெட்டுப் பருவத்தில் நீர்க்கடுப்பு எங்கள் ஆட்களில் பலருக்கும் வரும். சிறுநீர் கறுத்துப்போய், சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு போகும். உடம்புச் சூடு என்று விட்டுவிடுவோம். எனக்கு அது அடிக்கடி வரத் தொடங்கியதும் ஒரு கிளினிக்கில் காட்டினேன். கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தால் சரியாகும், காட்டுக்குப் போனால் திரும்ப வரும். குணமானது மாத்திரையாலா, ஓய்வாலா என்று யாரும் யோசிக்கவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிறுநீரில் புரதம் போகவில்லை, அதனால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

வேறொரு மருத்துவர்தான் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, "என்ன வேலை பண்றீங்க? வெயில் ஏறின பிறகும் வெட்டுவீங்களா? நாள் கூலியா, டன் கணக்கா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடியிருந்தது. அதையும் வயதையும் வைத்துக் கணக்கிடுகிற ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு, 60-க்குக் கீழே இருந்தது. அது குறைவு.

அந்த ஒரு தாளை வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. வெயிலில் வெட்டிவிட்டு நேராக வந்து ரத்தம் கொடுத்தால், உடம்பில் நீர் வற்றியிருப்பதாலேயே கிரியாட்டினின் ஏறியிருக்கலாம், ஓய்வெடுத்தால் இறங்கலாம். ஆகவே ஓய்வுக்குப் பிறகு ஒரு காலையில், வேலைக்குப் போகாமல், மறுபடி எடுக்கச் சொன்னார். கொஞ்சம் தேறியிருந்தது, ஆனால் 60-ஐத் தாண்டவில்லை. பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்களாம். அந்தக் காத்திருப்புதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது மாதமும் எண் ஏறவில்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் கொஞ்சம் சுருங்கியிருந்தன.

வெயில்தான் காரணமா என்று கேட்டேன். பெரிய சந்தேகம் அதன்மேல்தான் என்றார். வியர்வையில் நீர் போகப்போகச் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது, கடும் உழைப்பில் தசை சிதைந்து அந்தக் கழிவும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. இது நாள்தோறும் நடந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் மெல்ல வடுப்படுகின்றன. பூச்சிமருந்தையும் கிணற்று நீரையும்கூட ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோர் நாட்டு மருத்துவர்கள் 2002-இல் இதுபற்றி எழுதினார்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்கள் அங்கே ஏராளம். இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடமும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரியான நோய் பரவியிருக்கிறது.

முதலில் நிறுத்தியது வலி மாத்திரையை. வேலை முடிந்ததும் உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போடுவது எங்கள் குழுவில் வழக்கம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைத்துவிடும். அப்புறம் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், சுமார் 240 மில்லி. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்கிற அளவுக்கும் போகக்கூடாது. நோய் முற்றி, கால் வீங்கியவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

ஆனால் நான் ஒருத்தன் மட்டும் நிழலில் போய் உட்கார முடியாது. டன் கணக்குக் கூலியில் உட்கார்ந்த நேரம் அவ்வளவும் நஷ்டம். மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு மேஸ்திரியிடம் போனேன். "ஆளாளுக்கு உக்காந்தா லோடு எப்படிடா ஏறும்?" என்றார். "அண்ணே, எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்ணே" என்றேன். எல் சால்வடோரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நிழலும் ஓய்வும் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையும் நல்ல அரிவாளும் கொடுத்துப் பார்த்ததில், ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டியது 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாகக் கூடியதை அவரிடம் காட்டினேன். அதில் அரிவாளுக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொன்னேன். ஓய்வு கொடுத்ததால் வேலை கெடவில்லை என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது விடிவதற்கு முன்பே இறங்குகிறோம். வெட்டுகிற இடத்துக்குக் கூடவே நகர்த்திக்கொள்ள ஒரு தார்ப்பாய்ப் பந்தல் இருக்கிறது. விசில் அடித்தால் எல்லோரும் அரிவாளை வைக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வேலை, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுகிறோம். பருவம் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எல்லோரும் ரத்தம் கொடுக்கிறோம். கூலி மட்டும் இன்னும் டன் கணக்குதான், அதனால் விசில் அடித்த பிறகும் நாலு கழி வெட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.